நிலம் வாங்கப் போகிறீர்களா? பத்திரம், பட்டா, பூமி மூன்றும் ஒரே கதை சொல்கிறதா பாருங்கள்!

தென்னைக்குச் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க மானியம் கேட்டு விண்ணப்பித்திருந்தார் ஒரு விவசாயி. 2008-ஆம் ஆண்டு வாங்கிய 1 ஏக்கர் 62 சென்ட் நிலம். முறையாகப் பதிவு செய்த கிரயப் பத்திரம் இருந்தது, பட்டாவும் அவர் பெயரிலேயே இருந்தது. ஆனால் தோட்டத்தை நேரில் அளந்து பார்க்கப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. பத்திரத்திலும் பட்டாவிலும் இருந்த சர்வே எண் 84/3. அவர் தென்னை வைத்திருந்த இடமோ 84/2. அது நிலத்தை விற்றவருடைய அண்ணன் பெயரில் இருந்தது.

அண்ணன் தம்பி இருவரும் அந்தக் காலத்தில் வாய்ப்பேச்சாகவே நிலத்தைப் பிரித்து, ஆளுக்கொரு பக்கம் உழுது வந்திருக்கிறார்கள். கணக்கில் ஒரு மாதிரியும் அனுபவத்தில் வேறு மாதிரியும் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தம்பியிடம் வாங்கியவர், அவர் காட்டிய இடத்தில் கன்று நட்டுவிட்டார். "பதினாறு வருஷமா இந்த மண்ணுலதான் சார் உழைக்கிறேன். இப்ப வந்து என் நிலம் இல்லைங்கறீங்களே" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் பேசி, அண்ணனின் வாரிசுகள் சம்மதித்து, இரண்டு நிலத்தையும் மாற்றிக்கொள்ளும் பரிவர்த்தனைப் பத்திரம் போட்டார்கள். செலவு முழுக்க இவர் தலையில். மேலே ஒரு தொகையும் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மானியமும் கிடைக்கவில்லை. வாரிசுகள் சம்மதிக்காமல் இருந்திருந்தால், காய்க்கும் தென்னையோடு நீதிமன்றப் படி ஏறியிருப்பார்.

இவர் ஏமாற்றப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். விற்றவரும் மோசக்காரர் இல்லை. வாங்கும்போது புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வயலைச் சுற்றி வரவில்லை, அவ்வளவுதான் தவறு. எனவே நிலம் வாங்கும்போது ஒரே ஒரு விதியை மனதில் வையுங்கள். பத்திரம், பட்டா, பூமி ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று மாற்றிச் சொன்னாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பத்திரம் என்பது நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைச் சொல்லும். பட்டா என்பது வருவாய்த் துறைக் கணக்கில் அது யார் பெயரில், எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்பதைச் சொல்லும். பூமியோ உண்மையில் அங்கே யார் இருக்கிறார்கள், எல்லை எது, தண்ணீரும் பாதையும் எப்படி என்பதைச் சொல்லும். இந்த மூன்றையும் எப்படிச் சரிபார்ப்பது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதல் பார்வை: பத்திரம்

விற்பவரிடம் அவருடைய கிரயப் பத்திரத்தின் நகலையும், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்களின் நகல்களையும் கேளுங்கள். குறைந்தது 30 ஆண்டுகளுக்கு, நிலம் ஒவ்வொருவர் கைக்கும் எப்படி வந்தது என்ற சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். தாத்தா வாங்கினார், அப்பாவுக்கு வந்தது, இப்போது நான் விற்கிறேன் என்றால், தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு எதன் மூலம் வந்தது என்பதற்கும் தாள் வேண்டும். அது உயிலா, செட்டில்மென்ட் பத்திரமா, பாகப்பிரிவினையா, அல்லது இறப்பினால் வந்த வாரிசு உரிமையா என்று கேளுங்கள்.

நகலைப் பார்த்தபின் அசலையும் நேரில் பார்க்க வேண்டும். "அசல் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, பதிவு அன்று கொண்டு வருகிறேன்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அசல் ஏதாவது ஒரு வங்கியிலோ, கடன் கொடுத்தவரின் பெட்டியிலோ இருக்கலாம்.

அடுத்தது வில்லங்கச் சான்று. பதிவுத் துறையின் இணையதளத்தில் இதை இலவசமாகவே பார்க்கலாம். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் கணினியில் உள்ளன. சர்வே எண், உட்பிரிவு எண், கிராமத்தின் பெயர் ஆகியவற்றைச் சரியாகக் கொடுத்துத் தேட வேண்டும். உட்பிரிவு மாறியிருந்தால் பழைய எண்ணையும் கொடுத்து இன்னொரு முறை தேடுங்கள். 84/3 என்பது ஒருகாலத்தில் வெறும் 84 ஆக இருந்திருக்கும். அந்த எண்ணில் பதிவான அடமானம் 84/3 என்று தேடினால் வராமல் போகலாம்.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்றால் நிலத்தில் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பதிவான விஷயங்கள் மட்டுமே அதில் வரும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிக் குத்தகை, பதிவு செய்யாத கடன் சீட்டு, வாரிசுகளின் உரிமை ஆகியவை அதில் தெரியாது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கும் பல நேரங்களில் தெரியாது. அதனால்தான் மற்ற இரண்டு பார்வைகளும் தேவைப்படுகின்றன.

விற்க உரிமை உள்ளவர் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா?

கிராமத்தில் வரும் நில வழக்குகளில் பெரும்பாலானவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது. பட்டாவில் அண்ணன் தம்பி பெயர் மட்டும் இருக்கும். அக்கா தங்கைகள் பெயர் இருக்காது. "அவர்களுக்குக் கல்யாணத்துக்கே நகை போட்டு, சீர் செய்து அனுப்பிவிட்டோம்" என்பார்கள். சட்டத்தில் அது பாகத்துக்கு ஈடாகாது. இந்துக்களில், தந்தை தானே சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. அவர் மனைவிக்கும், உயிரோடு இருந்தால் தாய்க்கும் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகள்களுக்கு உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989-இல் திருமணமாகாத மகள்களுக்குக் கிடைத்த அந்த உரிமை, 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தத்தின் மூலம் எல்லா மகள்களுக்கும் கிடைத்தது. மற்ற மதத்தினருக்கு அவரவர் வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும்.

எனவே விற்பவரின் தந்தையோ தாயோ இறந்திருந்தால், இறப்புச் சான்றிதழையும் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழையும் வாங்கிப் பாருங்கள். அதில் பெயர் உள்ள எல்லோரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்திருக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் ஒரு தங்கையின் கையெழுத்துக்காக ஒரு மாதம் காத்திருப்பது, பத்து வருடம் வழக்குக்கு அலைவதைவிட மேல்.

வாரிசுகளில் 18 வயது நிறையாதவர் இருந்தால் இன்னும் கவனம் தேவை. இந்து மைனரின் சொத்தைத் தாயோ தந்தையோ விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை 18 வயது நிறைந்த மூன்று ஆண்டுகளுக்குள் அந்த விற்பனையை எதிர்த்து வழக்குப் போடலாம். இன்று உங்கள் முன்னால் ஓடி விளையாடும் குழந்தை, நாளை நீதிமன்றத்தில் நிற்கலாம்.

உரிமையாளர் வராமல் பவர் வாங்கியவர் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்யாமல் இருக்கிறாரா என்று பாருங்கள். பொதுவாக, கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் முடிந்துபோகும். அவருடைய உயிர்ச்சான்றைக் கேளுங்கள். முடிந்தால் அவரையே நேரில் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

இரண்டாவது பார்வை: பட்டா

அரசின் நில ஆவணங்கள் இணையதளத்தில் பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் மூன்றையும் நீங்களே பார்க்கலாம். கணினிப் பழக்கம் இல்லையென்றால் இ-சேவை மையத்துக்குப் போங்கள். விற்பவர் கொடுக்கும் ஜெராக்ஸை மட்டும் நம்பாமல் நீங்களே புதிதாக எடுத்துப் பாருங்கள். பழைய நகலுக்குப் பிறகு பெயர் மாறியிருக்கலாம்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். நமக்குப் பழக்கம் ஏக்கர், சென்ட். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 40.5 ஏர். பட்டாவில் 0 - 65.50 என்று இருந்தால், 65.5-ஐ 2.47-ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 162 சென்ட், அதாவது 1 ஏக்கர் 62 சென்ட். பத்திரத்தில் 1 ஏக்கர் 80 சென்ட் என்று எழுதி, பட்டாவில் 162 சென்ட்தான் இருந்தால், அந்த 18 சென்டுக்கு நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள், ஆனால் கணக்கில் அது உங்களுக்கு வராது. விலை பேசும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

கூட்டுப் பட்டாவா, தனிப்பட்டாவா என்பதையும் பாருங்கள். கூட்டுப் பட்டாவில் ஐந்து பேர் பெயர் இருந்து ஒருவர் மட்டும் விற்றால், அவருக்கு எந்தப் பக்கம், எவ்வளவு என்பதற்குப் பதிவு செய்த பாகப்பிரிவினை வேண்டும். இல்லையென்றால் முதலில் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிவரச் சொல்லுங்கள். அதன்பிறகு வாங்கலாம்.

பட்டாவில் இருப்பவர் வேறு, பத்திரத்தில் இருப்பவர் வேறு என்றால் காரணம் தெரிய வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல இடங்களில் பெயரும் பரப்பும் தவறாக ஏறிவிட்டன. பத்திரம் சரியாக இருந்தால் வருவாய் அதிகாரிகளிடம் மனுச் செய்து திருத்தலாம். ஆனால் அந்தத் திருத்தத்தை விற்பவர் செய்துமுடித்த பிறகு வாங்குங்கள். "நீங்கள் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது உங்கள் வேலையாக மாறிவிடக் கூடாது.

பட்டா மட்டும் இருக்கிறது, பத்திரம் இல்லை என்று விற்பவர்களும் உண்டு. பட்டா என்பது வருவாய்க் கணக்கு ஆவணம்தான். அதை மட்டும் வைத்து முழு உரிமையையும் நிலைநாட்ட முடியாது என்பதை நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அந்தப் பட்டா எந்த அடிப்படையில் வந்தது என்று கேளுங்கள்.

'அ' பதிவேட்டைக் கட்டாயம் பாருங்கள்

பலர் பட்டாவோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு நிலம் என்ன வகை என்பதைச் சொல்வது 'அ' பதிவேடுதான். நன்செயா, புன்செயா, அரசுப் புறம்போக்கா, ஓடையா, வாய்க்காலா, மேய்க்காலா என்பது அதில் இருக்கும். குறிப்புப் பகுதியையும் விடாமல் படியுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறது என்று சில வகை நிலங்களில் கை வைத்தால் பணம் திரும்பாது. ஒன்று, பஞ்சமி நிலம். 1892-க்குப் பிறகு பட்டியலின மக்களுக்கு நிபந்தனையோடு வழங்கப்பட்ட இந்த நிலத்தை அந்த மக்கள் தவிர மற்றவர்கள் வாங்க முடியாது. பத்திரம் போட்டாலும் செல்லாது. இரண்டு, கோயில், மடம், வக்பு நிலங்கள். பல தலைமுறையாக உழுகிறோம் என்று சொல்லி, வெள்ளைத் தாளில் எழுதிக்கொடுத்து விற்பார்கள். அதில் உங்களுக்கு எந்த உரிமையும் வராது. மூன்று, பூமிதான நிலம். நான்கு, ஏரி, குளம், ஓடைப் புறம்போக்கு. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்திருக்கிறது. ஐந்து, அரசு இலவசமாக ஒப்படைத்த நிலம். இதில் குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். ஒப்படைப்பு ஆணையை வாங்கிப் படித்துப் பாருங்கள்.

மூன்றாவது பார்வை: பூமி

புலப்படத்தின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு நிலத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள். உச்சி வெயிலில் புரோக்கரின் வண்டியில் உட்கார்ந்து பார்ப்பது போதாது. புலப்படத்தில் ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் மீட்டரில் இருக்கும். வரப்பு அந்த வடிவத்தில்தான் போகிறதா, எல்லைக் கற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால், விற்பவர் பெயரிலேயே கட்டணம் கட்டி, அரசு சர்வேயரை வைத்து அளந்து அத்து காட்டச் சொல்லுங்கள். பக்கத்து நிலத்துக்காரர்களும் அப்போது அங்கே இருந்தால் நல்லது. முதலில் சொன்ன தென்னைத் தோட்டக்காரர் 2008-இல் இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் போதும்.

பக்கத்து வயல்காரரிடம் பேசுங்கள். "இந்தக் காட்டை யார் உழுகிறார்கள்?" என்று கேட்டாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பாருங்கள். எந்தப் பசலியில் யார், என்ன பயிர் செய்தார்கள் என்பது அதில் இருக்கும். பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை 1434-ஆம் பசலி. கடைசி மூன்று நான்கு பசலிகளைப் பாருங்கள்.

அடங்கலில் குத்தகைதாரர் பெயர் இருந்தாலோ, நேரில் ஒருவர் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தாலோ எச்சரிக்கையாக இருங்கள். சாகுபடிக் குத்தகைதாரர்களுக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. நிலம் கைமாறினாலும் குத்தகைதாரரின் உரிமை போய்விடாது. டெல்டா மாவட்டங்களில் வாங்குவோர் இதை முதல் கேள்வியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

பாதை, கிணறு, கரண்ட்

விவசாய நிலத்துக்கு இவை மூன்றும் உயிர். இவை பற்றி வாய்ப்பேச்சு எதையும் ஏற்காதீர்கள்.

பாதை: டிராக்டரும் அறுவடை இயந்திரமும் போக வழி உண்டா? அது புலப்படத்தில் உள்ள அரசுப் பாதையா, அல்லது அடுத்தவர் வரப்பு வழியாக மாமூலாகப் போய்வருவதா? மாமூல் பாதை என்றால், அதன் அகலத்தையும் எந்த சர்வே எண் வழியாகப் போகிறது என்பதையும் பத்திரத்தில் எழுத வேண்டும். அந்த நிலத்துக்காரரின் சம்மதமும் வேண்டும்.

கிணறு: கிணறு பக்கத்து சர்வே எண்ணில் இருந்து, உங்களுக்கு அதில் நான்கில் ஒரு பங்கு என்றால், அந்த சர்வே எண், பங்கின் அளவு, தண்ணீர் இறைக்கும் முறைநாள், குழாய் பதிக்கும் உரிமை எல்லாமே பத்திரத்தின் சொத்து விவரத்தில் வர வேண்டும். விற்பவரின் முந்தைய பத்திரத்தில் அந்தப் பங்கு இருக்கிறதா என்று பாருங்கள். அவருக்கே இல்லாததை அவர் உங்களுக்கு விற்க முடியாது.

கரண்ட்: விவசாய மின் இணைப்பு எண் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். புதிய இலவச இணைப்புக்கு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது உங்களுக்குத் தெரியும். இணைப்பு எண்ணையும் மோட்டாரின் குதிரைத் திறனையும் பத்திரத்தில் சேர்த்து, பதிவுக்குப் பிறகு மின்வாரியத்தில் பெயர் மாற்றம் செய்துவிடுங்கள்.

இவற்றோடு, உள்ளூர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் விற்பவர் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலும் நிலத்தின் மேல் கடன் பாக்கி இல்லை என்ற சான்று வாங்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் முதல் பதிவு வரை

மூன்று பார்வையும் முடிந்த பிறகு, எல்லா நகல்களையும் ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துச் சட்டக் கருத்து வாங்குங்கள். விற்பவரின் வழக்கறிஞரிடமோ புரோக்கர் சொல்பவரிடமோ கொடுக்காமல், உங்களுக்காக வேலை செய்பவரிடம் கொடுங்கள். பல லட்சம் போடும் இடத்தில் சில ஆயிரம் ரூபாய் பார்க்காதீர்கள்.

முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டால் அதையும் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தப் பதிவு கட்டாயம். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி, சாட்சி வைத்துப் பெட்டியில் பூட்டி வைப்பது உங்களைக் காப்பாற்றாது. ஒப்பந்தம் பதிவானால் வில்லங்கச் சான்றில் தெரியும். அதே நிலத்தை இன்னொருவருக்குப் பேசுவதும் கடினமாகும். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். நாளைக்கு ஒரு தகராறு என்றால், வங்கிக் கணக்குத்தான் உங்கள் சாட்சி.

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகும். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று பதிவு செய்யாமல் விடாதீர்கள். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட நிலத்தைப் பதிவுப் பத்திரம் இல்லாமல் விற்க முடியாது என்பது 1882-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம்.

பதிவுக்கு முன், வரைவுப் பத்திரத்தை வீட்டுக்கு வாங்கிவந்து, படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டு வரிக்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். பெயர், தந்தை பெயர், கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், பரப்பு, நான்கு எல்லைகள் ஆகியவற்றைப் பட்டாவோடும் புலப்படத்தோடும் ஒப்பிடுங்கள். ஒரு எண் பிசகினால், பிறகு பிழைதிருத்தல் பத்திரம் போட விற்றவர் மறுபடியும் வந்து கையெழுத்திட வேண்டும். அவர் அப்போது ஊரில் இருப்பார் என்றோ, உயிரோடு இருப்பார் என்றோ உறுதி கிடையாது. பதிவு அன்றே தாய்ப்பத்திரங்களின் அசல்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் வாங்கினால் அசல் விற்பவரிடமே இருக்கும். அப்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெற்று வையுங்கள்.

பதிவோடு வேலை முடியவில்லை

பத்திரம் கைக்கு வந்ததும் பலர் பூஜை அறையில் வைத்துவிட்டு விதைக்கப் போய்விடுகிறார்கள். பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். உட்பிரிவு தேவைப்படாத நிலத்துக்குப் பதிவின்போதே பட்டா மாற்றம் தொடங்கிவிடும் வசதி இப்போது இருக்கிறது. ஆனாலும் பெயர் மாறிவிட்டதா என்று இணையத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். உட்பிரிவு தேவைப்பட்டால் சர்வேயர் வந்து அளந்த பிறகுதான் மாறும். தொடர்ந்து கேட்டு முடியுங்கள். காலதாமதமானால் ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில் மனுக் கொடுக்கலாம். பட்டா மாற்ற உத்தரவில் குறை இருந்தால் கோட்டாட்சியரிடமும், பிறகு மாவட்ட வருவாய் அலுவலரிடமும் முறையிடலாம்.

பட்டா உங்கள் பெயரில் இல்லையென்றால் உழைப்பு மட்டும்தான் உங்களுடையதாக இருக்கும். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. பயிர்க் கடன், பயிர்க் காப்பீடு, பிரதமர் கிசான் உதவித்தொகை ஆகியவையும் இருக்கின்றன. எதற்குப் போனாலும் முதலில் கேட்பது பட்டாவும் அடங்கலும்தான்.

ஆவணங்களைக் காப்பது எப்படி?

அசல் பத்திரங்களை லேமினேஷன் செய்யாதீர்கள். முத்திரைத் தாளையும் கையெழுத்தையும் பரிசோதிக்க வேண்டிய நிலை வந்தால் அது இடையூறாகும். பிரிக்கப் போனால் தாள் கிழியும். ஊசி, ஸ்டேப்ளர் துரு பிடித்துத் தாளை அரிக்கும். எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பத்திரத்தையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரும்புப் பெட்டியில், தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். மண் சுவரை ஒட்டிய மர அலமாரி கரையானுக்கு வழி. ஆண்டுக்கு இரண்டு முறை பெட்டியைத் திறந்து, நிழலில் காற்றாட வைத்து, செல்லரிப்பும் ஈரமும் இருக்கிறதா என்று பாருங்கள். 2018-இல் கஜா புயல் வந்த மாவட்டத்துக்காரர்களுக்கு, கூரை போன வீட்டில் தாள் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மழைக்காலத்துக்கு முன் பெட்டியை உறுதியான இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து, பிள்ளைகளின் கைபேசியிலும் மின்னஞ்சலிலும் ஒரு பிரதி வையுங்கள். ஜெராக்ஸ் ஒரு கட்டு தனியாக இருக்கட்டும். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதையே எடுத்துச் செல்லுங்கள். அசலை யாரிடமும் "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று கொடுத்துவிட்டு வராதீர்கள்.

கடனுக்காக வங்கியில் அசலைக் கொடுத்தால், என்னென்ன கொடுத்தீர்கள் என்ற பட்டியலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். கடனைக் கட்டி முடித்த 30 நாட்களுக்குள் வங்கி அசலைத் திருப்பித் தர வேண்டும். தாமதத்துக்கு வங்கி காரணம் என்றால், நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டு, அது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அடமானம் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்யுங்கள். அப்போதுதான் வில்லங்கச் சான்றில் கடன் தீர்ந்தது தெரியும்.

பத்திரம் தொலைந்துவிட்டால் பதற வேண்டாம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, நாளிதழில் விளம்பரம் செய்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று பெறுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கல் முடிந்து ஓய்வாக இருக்கும்போது, உங்கள் நிலத்துக்கு நீங்களே வில்லங்கச் சான்றும் பட்டாவும் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஏதேனும் பதிவாகியிருந்தால் சீக்கிரமே தெரிந்துவிடும். நிலவரி ரசீதையும் அடங்கல் நகலையும் ஆண்டுவாரியாகச் சேர்த்து வையுங்கள். நிலம் உங்கள் அனுபவத்தில் இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.

கடைசியாக ஒன்று. நான் சந்தித்த பல குடும்பங்களில் ஆவணங்கள் எங்கே என்பது குடும்பத் தலைவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், எந்த வங்கியில் கடன், எந்த சர்வே எண்ணில் எவ்வளவு என்று தெரியாமல் வீட்டுப் பெண்கள் ஒவ்வோர் அலுவலகமாக அலைகிறார்கள். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு நோட்டை எடுங்கள். சர்வே எண், பரப்பு, பட்டா எண், பத்திர எண், பதிவான ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், மின் இணைப்பு எண், கிணற்றுப் பங்கு, கடன் விவரம், அசல் இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதுங்கள். மனைவியையும் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். பிறகு ஒரு நாள் அவர்களை வயலுக்குக் கூட்டிப்போய், நான்கு எல்லைக் கற்களையும் காட்டிவிட்டு வாருங்கள்.